ஒத்த ஆளு, நாலு பேர் வேலை!

சிவகாசியில ஒரு தினக்காலண்டர் எத்தனை கை மாறுதுன்னு பாருங்க. டிசைனுக்கு ஒருத்தர், பிளேட் போட ஒருத்தர், ஆப்செட் மிஷின்ல நிக்க ஒருத்தர், அப்புறம் கட்டிங், பைண்டிங். மிஷின்மேன்கிட்ட போய் "டிசைனும் நீயே போடு"ன்னா ஊரே சிரிக்கும்.

வெப் டெவலப்பருக்கு மட்டும் இந்த நியாயம் கிடையாது. 1995-ல ஜாவாஸ்கிரிப்ட், 1996-ல சி.எஸ்.எஸ். வந்துச்சு. கூடவே எச்.டி.எம்.எல். தெரிஞ்சா ரொம்ப நாள் பொழப்பு ஓடுச்சு. அப்புறம் 2009-ல நோட், 2013-ல ரியாக்ட், டாக்கர்... இப்ப டேட்டாபேஸ், கிளவுட், செக்யூரிட்டி வரைக்கும் ஒத்த ஆளே பாக்கணுமாம். பேரு 'ஃபுல் ஸ்டாக்'. சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்குத்தான் :-)

படிச்சதாவது நிலைக்குதா? 2010-ல வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸை விழுந்து விழுந்து படிச்சாங்க. 2021 டிசம்பரோட கூகுள் அதுக்கான ஆதரவை நிறுத்திருச்சு.

பட்டாசு ஆலையிலயும் அச்சாபீஸ்லயும் உழைச்சு பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைக்கிற ஊருங்க இது. அந்தப் பிள்ளைங்க வேலை விளம்பரத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்ல. முதல்ல சொன்ன மூணையும் உருப்படியா படிச்சா மத்ததை வேலையில கத்துக்கலாம். ஆள் எடுக்குறவங்களும் தேவையானதை மட்டும் கேளுங்க. நாலு பேர் வேலைன்னா நாலு பேரை எடுங்க சாமி!