லயத்தில் ஒரு மஞ்சள் விழா

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் விழா எதற்கு என்று கேட்போர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் நல்லவர்கள். பலர் என்னைப்போல் ஆசிரியத் தொழில் பார்ப்பவர்கள். கடன்பட்டுக் கேக் வெட்டுவது நாகரிகமா, பட்டணத்தான் பலூன் கட்டினால் மலையில் இருப்பவனும் கட்டத்தான் வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. சில காலத்துக்கு முன்வரை நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனே. கட்சி மாறிய கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன், வாதம் பிறகு.

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையில் பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலை மலையூடே நடந்து சேரவேண்டிய ஒரு பாடசாலையில் நான் இரண்டாம் வகுப்புக்குப் பொறுப்பாயிருந்தேன். பிறந்தநாளன்று பிள்ளை டொபிப் பொட்டலத்தோடு வரும். வகுப்பு எழுந்து நின்று பாடும். நான் அதன் தலையைத் தடவி ஆசி கூறுவேன். விழாக்களை வெறுத்த நான் இந்தச் சிறிய வழக்கத்தை மட்டும் செலவில்லாத இன்பம் என்று எண்ணி வளர்த்துவந்தேன். யாருக்குச் செலவில்லாதது என்று யோசிக்கவில்லை.

ஆண்டிறுதியில் வரவு இடாப்பைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமியின் வரிசையிற் கண் நின்றது. மலையே கரைந்து ஓடுவதுபோல் மழை பெய்த நாட்களிலும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தவள் அவள். ஆண்டு முழுவதிலும் ஒரே ஒரு நாள்தான் வரவில்லை. அந்தத் திகதியை எங்கோ பார்த்த ஞாபகம். பிறப்புப் பதிவுப் பிரதியை எடுத்துப் பார்த்தால் அது அவளுடைய பிறந்தநாள். முதலாம் வகுப்பு இடாப்பையும் வாங்கிப் பார்த்தேன். முந்திய ஆண்டிலும் அதே நாளில் அவள் இல்லை.

நிறுவை முடிந்து இறங்கி வந்துகொண்டிருந்த அவள் தாயைப் பாதையில் நிறுத்திக் கேட்டேன். அவள் கூடையை இறக்காமலே பதில் சொன்னாள். "டொபி வாங்க அன்னிக்குக் காசில்ல சேர். வெறுங்கையோட போனா புள்ளைங்க கேக்கும்ல. அதான் வீட்டோடயே இருந்துட்டா."

அன்றோடு என் வகுப்பில் டொபி நின்றது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவன்று. வழக்கத்தை நிறுத்துவது எவருக்கும் எளிது. அந்தத் தாய் செய்தது அதைவிடக் கடினமான காரியம்.

மறு ஆண்டு ஐப்பசியில் அவள் மகனையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்தாள். மகளுக்கு எட்டு வயது நிறைகிறது, மகனுக்கு ஐந்து. இருவர் பிறந்தநாளுக்கும் இடையில் பத்தொன்பது நாள். இரண்டு முறை செலவு செய்ய முடியாது. ஒருவருக்குச் செய்து மற்றவருக்குச் செய்யாமலும் விட முடியாது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்திருந்தாள். "மஞ்சச் சட்ட இருந்தா போட்டுக்கிட்டு வாங்க சேர், எல்லாமே மஞ்சளா வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னிடம் மஞ்சளாக இருந்தது தமிழ்நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த துணிப்பை ஒன்றுதான். இரண்டு அப்பியாசக் கொப்பிகளை அதிற் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

மஞ்சள் எப்படி வந்தது என்பதைப் பெண்ணே எனக்குச் சொன்னாள். அவள் விரும்பியது ரோஸ் நிறம். உறவுக்காரர் ஒருவரின் தொலைபேசியிற் கண்ட விழா அப்படி இருந்ததாம். தாய் ஹட்டன் பட்டணத்திலே ரோஸ் கேக்குக்கும் பலூன் வளைவுக்கும் விலை கேட்டிருக்கிறாள். கேக்குக்கு மட்டுமே மூன்று பேர் போய்விடும் என்றிருக்கிறது. தோட்டத்துப் பேச்சறியாதவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவேண்டும். அங்கே 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. நிறுவையிற் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டதெல்லாம், அந்தப் பேர் முழுதாய் விழுந்தால் மட்டுமே கைக்கு வரும். மனிதனின் பெயரும் அவனது ஒரு நாட் கூலியும் ஒரே சொல்லாகிப்போன இடம் வேறெங்கேனும் உண்டோ என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

தாய் மகளிடம் முடியாது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரையும் இஸ்தோப்பில் உட்காரவைத்து, வீட்டிலும் வாசலிலும் எந்தெந்த நிறத்தில் எத்தனை பொருள் இருக்கிறதென்று எண்ணி வரச் சொன்னாள். ரோஸில் ஒரு சீப்பும் ஒரு சட்டையும். சிவப்பில் நான்கு. பச்சையை எண்ணத் தொடங்கிய மகனை அம்மாயி தடுத்துவிட்டாளாம்: "அது வேல நெறம்டா, அத நாம தெனமும் பாக்குறோம்." மஞ்சளில் எண்ணிக்கை பதினேழைத் தாண்டியது.

லயத்துக் காம்பராவை அறிந்தவர்கள் அதன் அகலத்தையும் அறிவார்கள். சுவரில் அடுப்புப் புகை. கூரைத் தகரத்தில் ஒழுக்கின் துருக்கோடுகள். அன்று அந்தச் சுவரை மறைத்துத் தகப்பனுடைய பழைய வெள்ளை வேட்டி மஞ்சள் நீரில் தோய்த்துக் கட்டப்பட்டிருந்தது. பாதையோரத்தில் ஆளுயரம் வளர்ந்து பூத்திருக்கும் காட்டுச் சூரியகாந்தி, தேயிலைக்குப் பசளையாக வெட்டிப் போடப்படும் அதே செடி, பால் டின்களில் நின்றது. வாழைச்சீப்பு ஒன்று. எலுமிச்சைகளை ஒரு தட்டில் குவித்திருந்தார்கள். அவை உண்பதற்கல்ல, அடுத்த வீட்டிலிருந்து நிறத்துக்காக இரவலாக வந்தவை. பட்டம் கட்டும் மெல்லிய கடதாசியிற் குல்லாய்கள். ரம்பையும் கறிவேப்பிலையும் மணக்கத் தேங்காய்ப்பாலில் வெந்த மஞ்சள் சோறு, பருப்பு, நுவரெலியா உருளைக்கிழங்கிற் பால்கறி. கேக்குக்குப் பதிலாக ரவைக் கேசரியை இரண்டு கிண்ணங்களில் அமுக்கித் தட்டிற் கவிழ்த்திருந்தாள். இரண்டு குன்றுகள், ஆளுக்கு ஒன்று. ஒரே கேசரியாக இருந்தால் யார் முதலில் ஊதுவது என்று சண்டை வரும் என்பது அவள் கணக்கு. சண்டை வந்தது. தம்பியின் ஐந்து மெழுகுவர்த்திகளையும் அக்காள் சேர்த்து ஊதிவிட்டாள், மறுபடி கொளுத்தவேண்டியதாயிற்று.

அந்த அறையில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றை. பழைய வேட்டி, காட்டுப்பூ, இரவல் எலுமிச்சை, பால் டின். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் இல்லாமையைச் சொல்லும் பொருள். ஒரே நிறத்துக்குள் வந்ததும் அவையெல்லாம் வேண்டுமென்றே தேடிப் பொறுக்கி வைத்தவைபோல் நிமிர்ந்து நின்றன. ஏழை வீட்டுக்கு நிறம் செய்யக்கூடிய உபகாரம் இது. பணம் செய்யவேண்டிய வேலையை ஒழுங்கு செய்துவிடுகிறது. கடையில் வாங்கும் 'கலர்' விழாவோ இதற்கு நேர்மாறானது. அது முதலில் ஒரு நிறத்தை விதிக்கிறது. பிறகு அந்த நிறத்தில் இல்லாத நம் பொருள்களையெல்லாம் ஒளித்துவைக்கச் சொல்கிறது. முடிவில் நம் வீட்டையே நமக்கு வெட்கமாக்கிவிட்டுப் போகிறது. இரண்டும் தொலைபேசிப் படத்தில் ஒன்றுபோல் தெரியலாம். முதலாவதில் பிள்ளை தன் வீட்டை எண்ணிப் பார்க்கக் கற்கிறது.

(அந்த வேட்டியைப் பற்றி ஒரு சொல். மறுநாள் சவர்க்காரம் போட்டதும் அது செக்கச்செவேலென்று சிவந்துவிட, பிள்ளைகள் பயந்து என்னிடம் ஓடிவந்தனர். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும் என்று சொல்லி அனுப்பினேன். சில நாள் வெயிலில் வேட்டி பழையபடி வெள்ளையாகித் தகப்பனின் இடுப்புக்குத் திரும்பியது. எந்தப் பலூனாலும் இது ஆகாது.)

இனி வாதத்துக்கு வருவோம். இது அந்நிய வழக்கம் என்பார்க்கு என் விடை சுருக்கமானது. மெழுகுவர்த்தி ஏற்றிய கேக் ஜெர்மனியிலிருந்து வந்தது உண்மையே. உலகமெங்கும் பாடப்படும் அந்தப் பிறந்தநாட் பாட்டின் மெட்டோ, அமெரிக்காவில் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரில் வாழ்ந்த மில்ட்ரெட் ஹில், பற்றி ஹில் என்னும் சகோதரிகள் இருவர் ஆக்கியது. பற்றி ஹில் பாலர் பாடசாலை ஆசிரியை. 1893இல் அச்சேறியபோது அது பிறந்தநாட் பாட்டன்று. காலையில் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆசிரியை கூறும் வணக்கம். பிற்காலத்தில் அந்தப் பாட்டுக்கு உரிமைப்பணம் கேட்டு வந்த நிறுவனத்தின் உரித்து செல்லாதென்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2015இலேயே தீர்ப்பளித்தது. ஆசிரியை ஒருத்தியும் அவள் உடன்பிறந்தாளும் பிள்ளைகளுக்காக ஆக்கிய மெட்டை நாம் அந்நியம் என்று தள்ளுவானேன்? 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் நட்ட தேயிலையும் வெளியிலிருந்து வந்ததுதான். அதைப் பறிக்க வந்தவர்களும் அப்படியே.

நட்சத்திரம் பார்த்து ஆண்டு நிறைவு செய்யும் வழக்கம் நமக்கு இருந்ததே என்று சொல்லக்கூடும். இருந்தது, நாழிகை குறித்துவைக்க ஆள் இருந்த வீடுகளில். லயத்து அம்மாயியிடம் அவள் பிறந்த நாளைக் கேட்டேன். "மேமலையில கவ்வாத்து வெட்டின வருஷம்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றாள். கவ்வாத்து நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும்; எந்தக் கவ்வாத்து என்று சொல்ல இன்று ஆளில்லை. அடையாள அட்டையில் சனவரி முதலாந் திகதி என்றிருக்கிறது. படிவம் நிரப்பிய எவரோ வருடத்தின் முதல் நாளை அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

பிறந்த நாள் என்பது இம்மக்களுக்கு வெறும் கொண்டாட்டச் சங்கதியாக ஒருபோதும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், பிள்ளை இம்மண்ணிற் பிறந்தது போதாது, தகப்பனும் இங்கே பிறந்தவன் என்று காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. காட்ட ஏது கடதாசி? தேதியில்லாத பிறப்புகள் இலட்சக்கணக்கில் நாடற்றுப்போயின. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிகுந்த 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிபாதியாய்ப் பங்கிட்டுக்கொண்டன. அதன் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு ஒப்பந்தத்தில் ஒரு பெயர் இருந்தது: இயற்கைப் பெருக்கம். தொட்டிலிற் கிடந்த பிள்ளை ஒரு விகிதாசாரத்தின் கூட்டல். 2003இன் சட்டம் வந்த பின்னரே அந்தக் கணக்குக்கு ஒரு முடிவு ஏற்பட்டது.

அம்மாயிக்கும் ஒரு தம்பி இருந்தான். தலைமன்னார்க் கப்பலில் ஏறி நீலகிரிக்குப் போனவன், அங்கும் கொழுந்துதான். 1984இல் கப்பல் நின்றது. கடிதம் அதற்கு முன்னரே நின்றுவிட்டது. பேரனும் பேத்தியும் மெழுகுவர்த்திக்குச் சண்டை பிடித்தபோது எல்லோரும் அதட்ட, அவள் ஒருத்திதான், "விடுங்க, புடிக்கட்டும்" என்றாள்.

மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1970இல் வெளியிட்ட நூலுக்கு 'போர்ன் டு லேபர்', உழைக்கவே பிறந்தவர், என்று பெயரிட்டார். அந்தப் பெயரிற் பிறப்பும் உழைப்பும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு கேசரிக் குன்றுகளின் முன் குல்லாயோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்தபோது, ஒரு பிற்பகலுக்கேனும் அவை பிரிந்து நிற்பதாய் எனக்குத் தோன்றியது. எந்தப் பயனுக்காகவும் அன்றி, வெறுமனே பிறந்ததற்காக இருவரை ஒரு லயமே கூடி வாழ்த்தியது. இதையா ஆடம்பரம் என்று ஒதுக்கச் சொல்கிறீர்கள்?

கடன் பற்றிய அச்சத்தை நான் மறுக்கவில்லை. நகையை அடகு வைத்து மண்டபம் எடுப்பவரையும், வாரந்தோறும் வாசலுக்கு வரும் நுண்கடன்காரரிடம் விழாவுக்கென்று கைநீட்டுபவரையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களைத் தடுப்பது நம் கடமைதான். அதற்காக, "உனக்கேன் இதெல்லாம்" என்று கேட்கும் குரலோடு என்னால் இனிச் சேர்ந்துகொள்ள முடியாது. அந்தக் கேள்வியை இம்மக்கள் துரைமாரிடமும் கங்காணிமாரிடமும் போதுமானவரை கேட்டுவிட்டார்கள். உபாத்தியாயரிடமும் கேட்கவேண்டாம்.

இத்தவணைத் தொடக்கத்தில் எங்கள் பாடசாலை முதல்வரிடம் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன். எந்த வகுப்பிலும் டொபி வேண்டாம். மாதத்தின் முதல் நாள் அம்மாதத்திற் பிறந்த பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் கரும்பலகையில் ஒரே நிறத்தில் எழுதுவோம். நிறம் எதுவென்று அந்தப் பிள்ளைகளே கூடி முடிவு செய்யட்டும். யோசிப்போம் என்றிருக்கிறார். வண்ணச் சுண்ணக்கட்டிப் பெட்டி ஒன்றை வாங்கி மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.