கரிமணலும் இடுப்பெலும்பும்

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சி கலூர் அந்தோணியார் கோயிலில் கூட்டம் நெரியும். அதற்குள் வாக்கரை ஊன்றி நகர்ந்துகொண்டிருந்தார் ஓர் அம்மச்சி. இடுப்பு மூட்டு மாற்றி இரண்டு மாதம். “உள்ளில் இரும்பாணு மோனே” என்றார்.

அநேகமாக அது டைட்டானியம். அதன் தாய்மண் தெற்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், சவறா கடற்கரையில் கரிமணலாகக் கிடக்கிறது. இன்னும் தெற்கே மணவாளக்குறிச்சியிலும் அதே மணல்தான். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தபோது, டைட்டானியம் உள்ள இல்மனைட்டை யாரும் சீந்தவில்லை. பிறகு அது வெள்ளைப் பெயின்ட்டுக்குப் போனது.

எலும்புக்கும் இந்த உலோகத்துக்குமான உறவு தற்செயலாகத் தெரியவந்தது. 1952-இல் ஸ்வீடன் ஆய்வாளர் பிரோனெமார்க், முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டம் பார்க்க டைட்டானியக் குழாய் ஒன்றைப் பதித்திருந்தார். விலை கூடிய சாமான், மறுபடி பயன்படுமே என்று கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பிடி வர மாதங்கள் ஆகும். இடையில் மூட்டு அசைந்தால் எலும்புக்குப் பதில் சவ்வுதான் வளரும்.

அதற்குத்தான் பூச்சு. எலும்பில் உள்ள ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டையே பொடியாக்கி, பிளாஸ்மா சுடரில் உருக்கி உலோகத்தின் மேல் தெளிக்கிறார்கள். தன் சரக்குதான் என்று எலும்பு அதன்மேல் வளர்ந்துவிடுகிறது. 1985-இல் லண்டனில் ஃபர்லாங் என்ற அறுவை மருத்துவர் இப்படிப் பூசிய இடுப்பு மூட்டைப் பொருத்தினார். பூச்சின் கனம் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. கூடினால் உரியும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2011-இல் சவறாவில் டைட்டானியம் ஸ்பாஞ்ச் என்ற கச்சா உலோகத்துக்கான ஆலையும் வந்துவிட்டது. ஸ்பாஞ்ச் மூட்டாவதற்கு இன்னும் உருக்கல், கலவை, கடைசல், பூச்சு எல்லாம் வேண்டும். மதிப்பு ஏறுவது அங்கேதான். நம்மால் ஆகாதது அல்ல. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் இதய வால்வின் மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது 1990-இல் மனித உடம்புக்குள் போனது. அந்தப் பொறுமை மணலுக்கு மட்டும் கிடைக்கவில்லை. 2017-இல் மத்திய அரசு முழங்கால் மூட்டுக்கு விலை வரம்பு கட்டியது, நல்ல காரியம். ஆனால் அது வாங்குகிறவர் படும் பாட்டுக்கான மருந்து, இங்கே செய்யாததற்கு அல்ல.

அம்மச்சியின் மகன் டிஸ்சார்ஜ் கோப்பைத் திறந்து, மூட்டுப் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்டினார். தயாரிப்பு: அயர்லாந்து.