மீட்டரைச் சோதிப்பது யார்?

அருப்புக்கோட்டையில் வீட்டுமனை பார்க்க வருகிறவர்கள் பத்திரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் போர் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள். "குடிக்கலாம்" என்றோ, "சோப்பு நுரைக்காது, புழங்கத்தான் ஆகும்" என்றோ முன்பு பதில் வரும். இப்போது எண்ணாக வருகிறது. "டிடிஎஸ் ஆயிரத்து நூறு காட்டுதுண்ணே" என்கிறார் தரகர். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. அதைப் பார்க்க அவர் சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருக்கிறது.

ஊருணியும் கண்மாயும் வற்றி, தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரும் வராத நாளில், திருச்சுழி வரைக்கும் இந்தப் பேனா சொல்வதுதான் சட்டம். ஆர்ஓ மெஷின் வாங்கலாமா, கேன் போடச் சொல்லலாமா, மனைக்கு எவ்வளவு கொடுக்கலாம் எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகிறது. அந்த மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்துக் கோமாளி மீன் வளர்க்கிறேன். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிய இனம்தான். கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தொட்டியிலும் அந்த அளவு அதிகம் ஏறக்கூடாது, இறங்கவும் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரை ஊற்றினால் அதிலிருக்கும் சுண்ணாம்பும் நைட்ரேட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும்.

தொட்டியின் உப்பளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருக்கிறேன். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு அளவைக் காட்டும். வாலை வடிநீர் விட்டுப் பூஜ்யத்தில் நிறுத்தினால் போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி 35-இல் இரண்டு மூன்று தள்ளிக் காட்டலாம். எந்த அளவைப் பார்க்கப் போகிறோமோ, அந்த இடத்திலேயே சோதிக்க வேண்டும். அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-பார்லி இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய வழி ஒன்றைச் சொல்லியிருக்கிறார். 36.5 கிராம் சமையல் உப்பை 963.5 கிராம் வடிநீரில் கரைத்துச் சொட்டு விட்டால் கோடு 35-இல் நிற்க வேண்டும். கடல்நீரில் மெக்னீசியமும் சல்பேட்டும் கலந்திருப்பதால் அது ஒளியை வளைக்கும் விதம் வேறு. அதனால்தான் 35-க்குப் பதில் 36.5. மின்கடத்தலை அளக்கும் மீட்டராக இருந்தால் கணக்கு மறுபடி மாறும்: 32.9 கிராம் உப்பு, 967.1 கிராம் தண்ணீர். ஒரே கடல்நீரைக் காட்ட, கருவிக்குக் கருவி வேறு உப்புக் கரைசல் தேவைப்படுகிறது.

பேனா மீட்டரின் விஷயமும் இதுதான். அது உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை உள்ளுக்குள் ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டரில் அந்தக் காரணி 0.5, சிலதில் 0.7. மின்கடத்தல் 850 மைக்ரோசீமன்ஸ் உள்ள தண்ணீரில் ஒன்று 425 காட்டும், இன்னொன்று 595 காட்டும். டிடிஎஸ் 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்ஓ கருவியைத் தடை செய்யச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. எந்த மீட்டரை வைத்துப் பார்த்த 500 என்று கேட்டால் என்ன சொல்வது? வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மின்கடத்தல் சுமார் 2 சதவீதம் ஏறும். வெப்பத்தைக் கழித்துக் கணக்கிடாத மலிவு மீட்டரை மொட்டைமாடி சின்டெக்ஸ் தண்ணீரில் நடுப்பகலில் முக்கினால், காலையில் காட்டியதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் இரண்டு மீட்டரைக் கொண்டுவந்தார். "சார், மெஷின் விக்க வந்தவரு மீட்டர் 1,300 காட்டுது, நான் வாங்குனது 930 தான் காட்டுது. எது பொய்?" பொட்டாசியம் குளோரைடு 0.746 கிராமை வடிநீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால், 25 டிகிரியில் அதன் மின்கடத்தல் 1,413 மைக்ரோசீமன்ஸ். இது உலகமெங்கும் ஆய்வகங்களில் வைத்திருக்கும் அளவு. அந்தக் கரைசலில் இரண்டையும் முக்கினோம். ஒன்று 989 காட்டியது, மற்றது 706. இரண்டும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. காரணிதான் வேறு. மெஷின் விற்பவர் எந்தக் காரணியை விரும்புவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மீட்டர் சரியாகவே இருந்தாலும் அதற்குத் தெரியாதது நிறைய. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 10500. அதே தரநிர்ணயத்தில் டிடிஎஸ்-க்கு இந்த இரண்டு எண்களும் 500, 2,000. டிடிஎஸ் 400 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு எல்லை தாண்டியிருந்தாலும் பேனா காட்டிக்கொடுக்காது. கிருமியும் அதன் கண்ணில் படாது. மெஷின் விற்கும் சிலர் டம்ளரில் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் பழுப்பாக மாறுவதைக் காட்டி வீட்டுப் பெண்களைப் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பழுப்பு, கரைந்துபோன கம்பியின் இரும்பு.

குடிக்கிற தண்ணீருக்குத் தோராயம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ருசி பார்க்க மட்டும் என்றால் போதும். ஆனால் அந்தத் தோராயத்தை நம்பி வாங்கும் வீட்டு ஆர்ஓ மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர, பெரும்பாலும் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. போர் போட்டுத் தண்ணீர் தேடும் வறண்ட சீமையில் தோராயத்துக்கு இந்த விலை அதிகம்.

பூக்கடைத் தராசுக்குத் தொழிலாளர் துறை முத்திரை வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் அதற்காகத்தான். மல்லிகைக்கு உள்ள அக்கறை தண்ணீருக்கும் வேண்டும். பெரிய செலவு எதுவும் இல்லை. அறிவியல் பிரிவு உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் தராசு, வடிநீர், பொட்டாசியம் குளோரைடு எல்லாம் பெரும்பாலும் இருக்கும். மாதம் ஒரு நாள், யார் வேண்டுமானாலும் மீட்டரைக் கொண்டுவந்து 1,413-இல் முக்கிப் பார்க்கலாம் என்று அறிவிக்கட்டும். பிளஸ் டூ மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடையாது. ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர் சோதிக்கப் பழகிய பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்தக் கரைசல் ஒரு பாட்டில் கொடுத்தால் போதும்.

அந்த ஏற்பாடு வரும்வரை, மீட்டரோடு வாசலில் வந்து நிற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் காரணி 0.5-ஆ 0.7-ஆ? கடைசியாக எந்தக் கரைசலில் சோதித்தீர்கள்? பதில் சொல்லத் தெரியாதவரிடம் மெஷின் வாங்க வேண்டாம்.