கடலோரத்துக் கோயிற்பற்று ஆலயங்கள்

யாழ்ப்பாணக் கரையோர ஊர்களிற் போர்த்துக்கேயர் கட்டி, 1658-க்குப் பின் ஒல்லாந்தர் கைக்கொண்ட கோயிற்பற்று ஆலயங்களின் தோற்றம், பால்தேயுப் பாதிரியார் 1672-இல் வெளியிட்ட நூலிற் படங்களாக உளது. அவற்றுட் பல இன்று இல்லை.

அந்நியர் கட்டியவை அழியின் நமக்கென்ன என்பாரும் உளர். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை 1621-இல் இடித்தவரும் போர்த்துக்கேயரே; அதனை யாம் மறைக்கவில்லை. ஆயினும், இச்சுவர்களின் முருகைக்கல் நமது கடல் தந்தது. அதனைச் சுமந்த தோள்களும் நம்மவருடையனவே. ஆண்டவரைப் புகழ்தற்கன்று, ஆளப்பட்டாரின் உழைப்பை மறவாமைப்பொருட்டே இவற்றைக் காத்தல் வேண்டுமென்கின்றோம்.

வட்டுக்கோட்டை ஆலயத்தை, 1816-இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் பழுதுபார்த்தமையால், அங்கே இன்றும் ஆராதனை நடைபெறுகின்றது. சங்கானையிலோ கூரையற்ற சுவர்களே நிற்கின்றன. யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706-இல் எழுந்த ஒல்லாந்தர் ஆலயம் உள்நாட்டுப் போரினால் தகர்ந்தொழிந்தது.

எஞ்சிய சுவர்களுக்குச் சீமெந்து பூசுதல் தகாது. அஃது ஈரத்தை உள்ளே அடைத்துக் கல்லைக் கெடுக்கும். பழைய சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. நமது மாணவர் விடுமுறைக் காலத்தில் தத்தம் ஊரிலுள்ள பழைய ஆலயத்தை அளந்து, படம் வரைந்து, கல்லூரி நூல்நிலையத்திற் சேர்ப்பாராக. பழைய மாணவரும் ஆசிரியரும் இம்முயற்சிக்குத் துணைநிற்பாராக.