சொற் கேட்கும் பிள்ளை

இக்காலத்துப் பிள்ளைகள் சொற் கேளார் என்னும் முறைப்பாடு, பழைய மாணவர் இருவர் கூடுமிடத்தெல்லாம் எழுகின்றது. 2005 ஆம் ஆண்டிற் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் பாடசாலைகளிற் பிரம்பை விலக்கிய நாள் தொட்டே பணிவும் விலகியது எனத் துணிந்து கூறுவாரும் உளர். எமக்கு அஃது உடன்பாடன்று. கேட்டல் பிரம்பினால் வருவதன்று. வீட்டிலே பயின்று வரும் பழக்கமாகும். அதனைக் கெடுப்பவரும் பெரும்பாலும் பெற்றாரே.

ஒரு வீட்டின் மாலைப் பொழுதை நோக்குக. தாய் அடுப்படியில் நின்றபடியே, முற்றத்தில் விளையாடும் மகனைக் கால் முகம் கழுவ வரும்படி அழைக்கின்றாள். அவன் வாரான். இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும், நான்காம் முறையும் அழைக்கின்றாள். ஐந்தாம் முறை குரல் உயர்கின்றது. அகப்பைக் காம்பும் உடன் வருகின்றது. மகன் ஓடி வருகின்றான். இவன் சொற் கேளாதவன் என்பது தாயின் முடிபு. உண்மையில் அவன் மிக நுட்பமாகவே கேட்டிருக்கின்றான். முதல் நான்கு அழைப்புக்கும் பொருளில்லை, ஐந்தாவதே பொருளுடையது என்பதை நாள்தோறும் கேட்டுக் கற்றவன் அவன்.

அருகே சென்று, பெயர் சொல்லி, முகம் நோக்கி ஒரு முறை சொல்லுக. சொன்னபின் சற்றுப் பொறுக்க. செய்யாவிடின், வைது நில்லாது, கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துச் செல்க. அடுப்பை விட்டு இருபது அடி நடப்பது தொல்லையே. எனினும் ஐந்து முறை கூவுவதினும் அது சிறிய தொல்லை.

சொல்லின் அளவும் கருதற்பாலது. புத்தகத்தை வைத்து, சட்டையை மாற்றி, அம்மம்மாவிடம் திறப்பை வாங்கி, படலையைச் சாத்திவிட்டு வரும்படி ஒரே மூச்சில் ஏவினால், நான்கு வயதுக் குழந்தை அவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றவற்றை மறந்து நிற்கும். அஃது அடங்காமையன்று, அவ்வயதின் நினைவு அவ்வளவே கொள்ளும். விலக்கும் அத்தகையதே. நம் மொழியில் எதிர்மறை வினையடிக்குப் பின் நிற்பது. "ஓடாதே" என்பதிற் செவிக்கு முன்னர் எட்டுவது ஓட்டமே. "மெல்ல நட" எனின் செய்யவேண்டியது தெளிவாகும்.

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிற் சிறு பிள்ளைகளையும் "வாங்கோ", "இருங்கோ" என மரியாதையோடு அழைக்கும் வழக்கு உண்டு. பிறர் நகைப்பின் நகைக்கட்டும், அவ்வழக்கைக் கைவிடலாகாது. நம் முன்னோர் செவிப் பயிற்சியை வீட்டோடு நிறுத்தினாருமல்லர். கோயிலிற் கந்தபுராண படனம் நிகழுங்கால் ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, பிள்ளைகளும் பெரியோர் பக்கத்தில் இருந்து கேட்டனர். விளங்கியது சிறிதாயினும் இருந்து கேட்கும் பொறுமை வந்தது. பெரியோரும் உடனிருந்து கேட்டனர் என்பதே அதில் முதன்மையானது. மகன் பாடசாலைக் கதை சொல்லும்போது கைத்தொலைபேசியினின்றும் கண்ணெடாது "உம்" கொட்டும் தந்தை, கேளாமையையே கற்பிக்கின்றார்.

இவையனைத்தும் செவி நன்கிருக்கும் பிள்ளைக்கே பொருந்தும். தடிமன் அடிக்கடி பிடிக்கும் சிறுவர்க்கு நடுச்செவியில் நீர் தங்கி, சில கிழமைகள் செவிப்புலன் மந்தமாதல் உண்டு. ஒரு நாள் நன்கு கேட்கும். ஒரு நாள் கேளாது. ஆதலின் வேண்டுமென்றே கேளாதிருக்கின்றான் எனக் கருதிப் பெற்றார் அடித்துவிடுகின்றனர். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுதல், "என்ன?" என மீள மீள வினாவுதல், பின்னின்று அழைக்கத் திரும்பாமை என்பன கண்டவிடத்து, தண்டிக்குமுன் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுக. செவிப்புலப் பரிசோதனையில் வலி யாதுமில்லை. பெரும்பாலும் அந்நீர் தானே வற்றிவிடும்; வற்றுமளவும் பிள்ளையின் முன் சென்று, முகம் தெரிய நின்று பேசுக.