பி.ஏ.ன்னா மினிஸ்டர் பி.ஏ. இல்லீங்க!

போன வாரம் எங்க தெரு நர்ஸ் அக்கா, நைட் டியூட்டி முடிஞ்சு வந்த கையோட என்னைப் பிடிச்சாங்க. "தம்பி, பி.ஏ. ஆகலாம்னு இருக்கேன்டா. நெட்ல விவரம் பார்த்துச் சொல்லு." "எந்த மினிஸ்டருக்குக்கா?"ன்னு கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்!

அக்கா சொன்னது ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். டாக்டரோட மேற்பார்வையில நோயாளியைப் பரிசோதிக்கிறது, கேஸ் ஹிஸ்டரி எழுதுறது, ஆபரேஷன்ல கூட நின்னு உதவுறதுன்னு நிறைய வேலை. எட்டு வருஷமா நர்ஸா இருக்கிறவங்களுக்கு இது அடுத்த படிதானேன்னு நினைச்சேன். அங்கேதான் ட்விஸ்ட்!

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக டாக்டர் யூஜின் ஸ்டெட், இந்த மாதிரி பயிற்சியை முதலில் நர்ஸுகளுக்குத்தான் கொடுக்க நினைச்சார். தெல்மா இங்கிள்ஸ்ங்கிற நர்ஸிங் பேராசிரியையோடு சேர்ந்து 1950-களின் கடைசியில் படிப்பையும் ஆரம்பிச்சார். நர்ஸிங் படிப்புகளுக்கான தேசிய அமைப்பு அங்கீகாரம் தர மறுத்திடுச்சு. மனுஷன் 1965-ல கடற்படையில் மருத்துவ உதவியாளரா இருந்த நாலு பேரை வச்சு மறுபடி தொடங்கினார். மூணு பேர் 1967-ல பாஸ். அப்படிப் பிறந்ததுதான் இந்தத் தொழில். நர்ஸுக்குப் போட்ட இலையில வேற ஆள் உட்கார்ந்த கதை!

இன்னிக்கு அங்கே இது மாஸ்டர்ஸ் டிகிரி. சுமார் 27 மாசம். நர்ஸா வேலை பார்த்த மணி நேரத்தை அட்மிஷனுக்கு அனுபவமாக் கணக்குல எடுத்துக்கிறாங்க. ஆனா படிப்பு குறையாது. படிக்கும்போது வேலைக்குப் போகாதேன்னு பல காலேஜ் கண்டிஷன் போடுது. அதனாலேயே அங்கே நிறைய நர்ஸுங்க வேலையை விடாமப் படிக்கிற மாதிரி 'நர்ஸ் ப்ராக்டிஷனர்' ரூட்ல போயிடறாங்க. பி.ஏ.வுக்கு ஒரு ப்ளஸ் உண்டு. எலும்பு டிபார்ட்மென்ட்ல இருந்து தோல் டிபார்ட்மென்ட்டுக்கு மாற, இன்னொரு டிகிரி தேவையில்லை.

நம்ம ஊர்ல? 1992-லயே சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல டாக்டர் கே.எம்.செரியன் இதைக் கொண்டு வந்துட்டார். ஆனா இங்கே இது ப்ளஸ் டூ முடிச்சவங்க சேர்ற பி.எஸ்சி. இன்டர்ன்ஷிப்போட நாலு வருஷம். அங்கே பி.ஏ. மருந்துச் சீட்டு எழுதலாம்; இங்கே சுயமா எழுத முடியாது. 2021-ல வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துல இந்தத் தொழிலும் இருக்குங்கிறது ஒரு ஆறுதல்.

எல்லாத்தையும் அக்காகிட்ட ஒப்பிச்சேன். "அப்போ என்னோட எட்டு வருஷம்?"னு கேட்டாங்க. பதில் தெரியல. "ப்ளஸ் டூ பசங்களோட ஒரே பெஞ்ச்ல உட்காரணுமாடா?"ன்னு அடுத்த கேள்வி.

நர்ஸிங் படிக்கிற தோழிகளே, உங்களுக்கும் இந்த ஐடியா இருந்தா, சம்பளத்தைக் கேட்கிறதுக்கு முன்னாடி அந்த காலேஜ் எந்தப் பல்கலைக்கழகத்துக் கீழே வருது, முடிச்சவங்க இப்போ எந்த டிபார்ட்மென்ட்ல நிக்கிறாங்கன்னு கேளுங்க. அக்கா அதைத்தான் விசாரிச்சிட்டு இருக்காங்க. இன்னிக்கும் நைட் டியூட்டிதான்.