சீக்வெஸ்ட் வெறும் சுடும் விளையாட்டு அல்ல

"வீடியோ கேம்னா டப் டப்னு சுடுறது. அதுல எழுத என்ன இருக்கு?" இலக்கிய நண்பர்கள் இப்படிக் கேட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கேட்டவர் ஒரு விளையாட்டையாவது ஒழுங்காக ஆடியிருக்கிறாரா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். சாட்சிக்கு சீக்வெஸ்ட்.

அட்டாரி 2600 என்ற வீட்டுக் கன்சோலுக்காக ஸ்டீவ் கார்ட்ரைட் வடிவமைத்தது. 1983-இல் ஆக்டிவிஷன் வெளியிட்டது. அந்தப் பெட்டியின் ரேம் வெறும் 128 பைட். இந்தப் பத்தியைக்கூட அதில் சேமிக்க முடியாது. அதற்குள் ஒரு நீர்மூழ்கி, சுறாக்கள், எதிரிக் கப்பல்கள், காப்பாற்றப்பட வேண்டிய முக்குளிப்பவர்கள். நீர்மூழ்கி சுடும், உண்மைதான். ஆனால் விதிகளைப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு சுறாவுக்கு 20 புள்ளி. ஆறு பேரை மேலே கொண்டுவந்து சேர்த்தால் ஆளுக்கு 50. ஆக்சிஜன் குறைந்துகொண்டே இருக்கும். தீர்ந்தால் கப்பல் காலி. ஒருவரையும் ஏற்றாமல் காற்றுக்காக மேலே வந்தாலும் கப்பல் போச்சு. ஆறுக்குக் குறைவாக ஏற்றி வந்தால் ஒருவரை இழக்க வேண்டும். எத்தனை சுறாவைக் கொன்றாலும் இந்தக் கணக்கு விடாது.

இதை நான் ஆடியது இளையாத்தங்குடியில், பழைய லேப்டாப்பில், எமுலேட்டர் போட்டு. எங்க ஊருக்குப் பக்கத்தில் கடல் கிடையாது. ஆனால் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்களின் பேச்சு இங்கே இன்னும் ஓயவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அப்பத்தா சொன்னாக: "ஏப்பா, மீனை என்னத்துக்குச் சுட்டுக்கிட்டு இருக்க? அந்தா ஒரு ஆளு கெடக்கான், ஏத்திக்கிட்டு வா." அவுகளுக்கு அஞ்சு நிமிஷத்தில் புரிந்தது விமர்சகருக்கு ஏன் புரியவில்லை?

2013-இல் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் ஒரு நிரலை ஏழு அட்டாரி விளையாட்டுகளில் பழக்கினார்கள். மூன்றில் அது தேர்ந்த மனித ஆட்டக்காரரை முந்தியது. சீக்வெஸ்டில் வெகுவாகப் பின்தங்கியது. நீண்ட நேரத்துக்குத் திட்டமிட வேண்டியிருப்பதுதான் சிரமம் என்று அவர்களே எழுதினார்கள். கண்டதைச் சுட்டாலே போதும் என்றால் இப்படி ஒரு காரணம் சொல்ல அவசியமே வந்திருக்காது.

"சரி, இது இலக்கியமா?" அந்தச் சான்றிதழ் எனக்கு வேண்டாம். கதையில் ஒரு பாத்திரம் எதைத் தேர்ந்தெடுக்கிறது, எதை விட்டுக்கொடுக்கிறது என்று பார்த்துத்தானே விமர்சனம் எழுதுகிறோம்? விளையாட்டில் அந்தத் தேர்வை விதி நம் கையில் கொடுக்கிறது. எனவே படத்தையும் சத்தத்தையும் மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், விதியைப் படியுங்கள்.

காற்று தீரப்போகிறது. கப்பலில் ஐந்து பேர். ஆறாவது ஆள் திரையின் அந்தக் கோடியில், நடுவில் இரண்டு சுறா. போவதா, மேலே ஏறுவதா? ஒரு முறையாவது இதை முடிவு செய்துவிட்டு வாங்க. அப்புறம் பேசலாம், இதில் எழுத என்ன இருக்குன்னு.